கூவத்துக்குள் போவது எது? சென்னையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரும்பாக்கத்தில் வளர்ந்தவன். ஒரு பக்கம் கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையம், இன்னொரு பக்கம் கூவம். பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது சின்ன வயதிலேயே பழகிவிட்டது. பிறகு சில வருடங்களாக இந்த விஷயத்தைப் படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

இவ்வளவு பெரிய நிலையம் இருந்தும் கூவம் ஏன் நாறுகிறது? நிலையம் வேலை செய்யவில்லையா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நாற்றத்துக்குப் பெரும்பங்கு காரணம் நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் இல்லை, நிலையத்துக்கு வந்தே சேராத தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைப் பி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். நம் நாட்டில் தண்ணீரை 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து இதை அளக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். நன்றாகச் சுத்திகரித்தால் 15, 20க்கு இறங்கிவிடும். இப்போது, 15 அளவுள்ள சுத்திகரித்த தண்ணீர் 10 கோடி லிட்டர் ஆற்றில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சற்றுத் தள்ளி ஒரு வடிகாலிலிருந்து 250 அளவுள்ள பச்சைச் சாக்கடை ஒரு கோடி லிட்டர் வந்து கலக்கிறது. மொத்தத் தண்ணீரின் பி.ஓ.டி. 36 ஆகிவிடும். பதினோரு பங்கில் ஒரே ஒரு பங்கு கலந்ததற்கே அழுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. நிலையம் பட்ட பாட்டையெல்லாம் ஒரு குழாய் வீணாக்கிவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். தேவை 36 என்றால் கையிருப்பு சீக்கிரமே காலி. அதன்பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடர்கின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அதே சல்பைடு, சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்குகிறது. ஆற்றோர வீடுகளில் வெள்ளிச் சாமான் சீக்கிரம் கறுப்பதும் ஏ.சி.யின் செப்புக் குழாய் அரிப்பதும் இந்த வாயுவால்தான்.

நிலையத்துக்கு வராத கழிவுநீர் எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறது?

பல வழிகள் உண்டு. முதலில் மழைநீர் வடிகால். பெயரே சொல்வதுபோல அது மழைத் தண்ணீர் போகக் கட்டியது. ஆனால் வீட்டுக் கழிவுக் குழாயைத் திருட்டுத்தனமாக அதில் இணைத்துவிட்டால் சாக்கடை நேராக ஆற்றில் போய் விழும். மழையே பெய்யாத ஏப்ரல் மாதத்தில் ஒரு வடிகால் வாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது என்ன தண்ணீர் என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய் மாதிரியான கிளைக் கால்வாய்கள். இருபுறமும் நெருக்கமாக வீடுகள், கடைகள். இவற்றில் விழுவதெல்லாம் கடைசியில் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோதான் போகும்.

அப்புறம், பாதாள சாக்கடையே இல்லாத பகுதிகள். 2011ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த ஊர்களில் பலவற்றில் அன்று செப்டிக் டேங்க் மட்டும்தான். ஓர் ஊரை மாநகராட்சியில் சேர்க்க ஓர் ஆணை போதும். அதன் தெருக்களுக்கு அடியில் குழாய் போட்டு முடிக்கப் பத்து, பதினைந்து வருடம் ஆகிறது.

பழைய சென்னையின் கதை வேறு. அங்கே பாதாள சாக்கடை 1910ல் வடிவமைக்கப்பட்டது. 1961ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 114 லிட்டர் கழிவுநீர் என்று அன்றைய பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது மக்கள்தொகை அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. பிறகு எத்தனையோ முறை விரிவாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் அடிப்படையில் குழாய், மக்களைத் துரத்திக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சென்னை தட்டையான ஊர். கழிவுநீர் தானாக ஓடி நிலையத்துக்குப் போகாது, அங்கங்கே உந்து நிலையங்களில் மோட்டார் வைத்து ஏற்றிவிட வேண்டும். மோட்டார் நின்றால் தண்ணீர் காத்திருக்காது, கிடைத்த பள்ளத்தில் வழிந்துவிடும்.

சென்னையில் எத்தனை நிலையங்கள்? எது எந்த ஆற்றில் விடுகிறது?

பெரிய வளாகங்கள் நான்கு: கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி. பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வந்த கொள்ளளவுக் கணக்கு, நாளொன்றுக்குக் கொடுங்கையூர் 27 கோடி லிட்டர், கோயம்பேடு 21.4 கோடி, பெருங்குடி 12.6 கோடி, நெசப்பாக்கம் 11.7 கோடி. மொத்தம் 72.7 கோடி லிட்டர். இதில் 26.4 கோடி லிட்டர், 2000க்குப் பிறகு வந்த சென்னை நகர ஆறுகள் பாதுகாப்புத் திட்டத்தில் நான்கு வளாகங்களிலும் சேர்ந்தது. கோயம்பேட்டுத் தண்ணீர் கூவத்துக்கு, நெசப்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்கு, கொடுங்கையூர்த் தண்ணீர் வடக்கு பக்கிங்காம் கால்வாய்க்கு. பெருங்குடித் தண்ணீர் பள்ளிக்கரணைப் பக்கமாகத் தெற்குக் கால்வாய்க்குப் போகிறது. பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ல் இடம்பெற்ற சதுப்பு நிலம். அதனால் அந்தத் தண்ணீரின் தரத்தைப் பற்றி நான் கூடுதலாகவே கவலைப்படுகிறேன்.

ஆலந்தூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது தனி நகராட்சியாக இருந்த காலத்தில், பாதாள சாக்கடைக்காக மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்கள். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசி வாங்கிய பணம் அது. சாக்கடைக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஆலந்தூரைக் காட்டலாம்.

நிலையத்துக்குள்ளே என்ன நடக்கிறது?

உந்து நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் முதலில் கம்பிச் சல்லடையில் மோதும். பிளாஸ்டிக் பை, துணி, சானிட்டரி நாப்கின், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். அடுத்து மணலைப் பிரிக்கும் தொட்டி. அதன்பின் பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கும். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய் மேலே மிதக்கும். இந்த ஒரு கட்டத்திலேயே அழுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

உண்மையான வேலை நடப்பது காற்றூட்டத் தொட்டியில். அடியிலிருந்து காற்றைக் குமிழ் குமிழாக ஊதுவார்கள். அந்தப் பழுப்புத் தண்ணீரில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகும். ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு மாதிரித் திரளும். அடுத்த தொட்டியில் அந்தத் திரள் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீர் வழியும். படிந்ததில் ஒரு பகுதியைத் திரும்பவும் காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்புவார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். நேற்றைய நுண்ணுயிர்கள் இல்லாமல் இன்றைய தண்ணீர் சுத்தமாகாது.

ஓர் ஆறு பல மைல் ஓடி, காற்றில் புரண்டு, மெல்லச் செய்யும் வேலையைத்தான் இங்கே தொட்டிக்குள் அடைத்துச் சில மணி நேரத்தில் செய்கிறார்கள். ஊதும் காற்றுக்குத்தான் மின்செலவில் பெரும்பகுதி போகிறது.

மருந்து கொட்டித்தானே சுத்தம் செய்கிறார்கள்?

இல்லை, முக்கிய வேலை நுண்ணுயிர்களுடையது. கிருமியைக் கொல்லக் கடைசியில் குளோரின் சேர்ப்பது உண்டு. மருந்தைக் கொட்டினால் அந்த நுண்ணுயிர்கள்தான் முதலில் சாகும். வீட்டுச் சாக்கடையில் ஆசிடையும் பெயிண்ட் தின்னரையும் ஊற்றக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

வெளியே வரும் தண்ணீர் எவ்வளவு சுத்தம்?

2017 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, பெருநகரங்களில் வெளியேறும் தண்ணீரின் பி.ஓ.டி. 20க்குள் இருக்க வேண்டும், மற்ற ஊர்களில் 30க்குள். 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைவிடக் கடுமையாக, 10 என்று சொன்னது. ஆற்றில் மனிதர் குளிக்கலாம் என்பதற்கு நம் நாட்டில் வைத்திருக்கும் அளவு 3.

ஆகவே, எல்லா விதியையும் ஒரு நிலையம் ஒழுங்காகப் பின்பற்றினாலும் வெளியே வருவது குளிக்கும் தண்ணீர் ஆகாது. குடிக்கும் பேச்சே இல்லை. அந்தத் தண்ணீரோடு ஆற்றின் நல்ல தண்ணீர் பல மடங்கு கலந்தால்தான் கணக்கு நேராகும். கூவத்தில் அந்த நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

நைட்ரஜன், பாஸ்பரஸ் பிரச்சினை தனி. பழைய முறை நிலையங்கள் அழுக்கைத் தின்னவைப்பதற்காகக் கட்டப்பட்டவை, இந்த இரண்டையும் பெரிய அளவில் நீக்காது. தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் இவை இருக்கும். ஆகாயத்தாமரைக்கு அது நல்ல உரம்.

இந்தியாவிலேயே மோசமான ஆற்றுப் பகுதி கூவம்தான் என்பது உண்மையா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022ல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் பி.ஓ.டி. 345 என்று இருந்தது. நாட்டிலேயே அதுதான் அதிகம். மேலே சொன்ன அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து நேராக வரும் சாக்கடையே 200 முதல் 300தான். சாக்கடையைவிட ஆறு கெட்டியாக இருக்கிறது. அந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

ஏன் இப்படி? பல வருடக் கசடு அடியில் சேறாகப் படிந்திருக்கிறது. அது கிளறப்படும்போதெல்லாம் பழைய அழுக்கும் புது அழுக்கோடு சேர்ந்துகொள்கிறது. மேலே ஊற்றிக் கலக்க நல்ல தண்ணீரும் இல்லை. கூவம் கேசாவரம் அணைக்கட்டுப் பக்கம் கிளம்பும்போது நல்ல ஆறுதான். பாடல் பெற்ற தலமான திருவிற்கோலம் இருக்கும் கூவம் கிராமத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் அதே ஆறா என்று கண் கலங்கும். வழியில் கொரட்டூர் அணைக்கட்டில் அந்தத் தண்ணீர் பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திரும்புகிறது. நம் குடிநீருக்காகத்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்பிறகு நகரத்துக்குள் நுழையும் கூவத்தில், வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்து, ஓடுவது நாம் அனுப்பும் தண்ணீர் மட்டும்தான். சுத்திகரித்ததும் சுத்திகரிக்காததும்.

மழை வந்தால் எல்லாம் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடாதா?

பெருவெள்ளம் வந்தால் போகும். முதல் மழை மட்டும் நேர் எதிர் வேலை செய்யும். கோடையெல்லாம் வடிகாலில் தேங்கிய கசடை ஒரே வீச்சில் ஆற்றில் தள்ளும், ஆற்றடிச் சேற்றையும் கிளப்பும். மிச்சமிருந்த ஆக்சிஜனும் போய்விடும். அடையாறு முகத்துவாரத்தில் மழை தொடங்கும் நாட்களில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2019 டிசம்பரில் பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் கடற்கரை முழுக்க வெள்ளை நுரை பொங்கியதும் குழந்தைகள் அதில் விளையாடியதும் நினைவிருக்கும். மழைத் தண்ணீரோடு வந்த சோப்புத்தூள், டிடர்ஜென்ட் மிச்சங்களும் சாக்கடையும் அலையில் அடிபட்டுப் பொங்கியதுதான் அது. அதில் பிள்ளைகளை விடாதீர்கள். மீனவர் குடும்பங்களுக்கு விலகியிருக்கும் வசதியும் இல்லை. அவர்கள் படகு இறங்கும் இடமே அதுதான்.

முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்வதும் சேர்ந்துகொள்ளும். நம் கரையில் கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலை நகர்த்துகிறது. ஆற்றில் வேகம் இல்லாதபோது வாய் அடைபடும், கடல் ஏற்றத்தால் கிடைக்கும் கொஞ்சநஞ்சக் கழுவலும் நின்றுவிடும்.

தெருவில் தண்ணீர் தேங்கும்போது மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது, உயிர் போய்விடும். அதோடு, மழைத் தண்ணீர் மொத்தமும் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்தால் உந்து நிலையம் தாங்காது. உங்கள் தெரு வடியும், தாழ்வான அடுத்த தெருவில் வீட்டுக் கழிவறை வழியாகச் சாக்கடை பொங்கும். நிலையத்திலும் அந்த வெள்ளம் நுண்ணுயிர்த் திரளை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டி பழைய நிலைக்கு வரப் பல நாள் ஆகும்.

கரையோரக் குடிசைகளால்தானே கூவம் கெட்டது?

இந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவைக்கும், ஆனாலும் பொறுமையாகச் சொல்கிறேன். கழிவுநீரின் அளவு நாம் பயன்படுத்தும் தண்ணீரின் அளவைப் பொறுத்தது. லாரித் தண்ணீரை நாலு குடம் பிடித்துவைத்து வாழும் குடும்பம் எவ்வளவு கழிவுநீர் விடும்? ஷவரும் வாஷிங் மெஷினும் இருக்கும் வீடு எவ்வளவு விடும்? ஒரு பெரிய குடியிருப்பின் குழாய் மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேர்ந்திருந்தால், அது ஒரு குடிசை வரிசையின் கழிவைவிட எத்தனையோ மடங்கு. கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பியாயிற்று. அவர்கள் பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள், பெண்கள் வீட்டுவேலைக்குப் போன இடங்களை இழந்தார்கள். கூவம் இன்னும் கறுப்பாகத்தான் ஓடுகிறது.

திருப்பூர் சாயக்கழிவு மாதிரிதானா இதுவும்?

இல்லை. நொய்யலைக் கெடுத்தது உப்பும் சாயமும். அவற்றை நுண்ணுயிர் தின்னாது. அதனால்தான் 2011ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வீட்டுக் கழிவுநீர் மக்கக்கூடியது, வழி சரியாக இருந்தால் சுத்தமாகிவிடும். தொழிற்சாலைக் கழிவு நகராட்சிக் குழாயில் கலந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சுத்திகரித்த தண்ணீரை ஆற்றில் விடாமல் பயன்படுத்த முடியாதா?

முடியும், நடக்கிறது. மணலியில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையும் உர ஆலையும் 1990களிலிருந்தே கழிவுநீரை வாங்கி, ஆர்.ஓ. முறையில் வடித்துப் பயன்படுத்துகின்றன. 2019ல், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வற்றிய அதே வருடம், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் தரும், சுத்திகரித்த தண்ணீரை மேலும் வடிக்கும் மூன்றாம் கட்ட நிலையங்கள் தொடங்கின. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை குழாயில் போகிறது. மணல் வடிகட்டி, நுண் சவ்வு, ஆர்.ஓ., கடைசியில் ஓசோன் என்று நாலு கட்டம். ஒரு தொழிற்சாலை இந்தத் தண்ணீரை வாங்கினால் அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் நம் வீட்டுக்கு மிஞ்சும். கடல்நீரை வடிப்பதைவிட இதற்கு மின்சாரமும் குறைவு, ஏனென்றால் உப்பு குறைவு.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. சுத்திகரித்த தண்ணீரை முழுவதும் குழாயில் அனுப்பிவிட்டு, பச்சைச் சாக்கடையை மட்டும் ஆற்றில் விட்டுவைத்தால் ஆறு இன்னும் மோசமாகும். முதல் கேள்வியின் கணக்கில் அந்த 10 கோடி லிட்டரை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது 250. வடிகால் வாய்களை முதலில் அடைக்க வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஆற்றுக்கென்று ஒரு பங்கு நல்ல தண்ணீரும் ஒதுக்க வேண்டும்.

கசடை என்ன செய்கிறார்கள்?

மூடிய பெரிய தொட்டிகளில் பல நாள் செரிக்க வைக்கிறார்கள். மாட்டுச் சாண எரிவாயு போலவே மீத்தேன் வரும். அதில் எஞ்சின் ஓட்டி நிலையத்துக்கே மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சிய கசடைப் பிழிந்து காயவைப்பார்கள். கன உலோகம் கலக்காத கசடு நல்ல எரு.

குழாய் அடைத்தால் ஆள் இறக்குவது இன்னும் நடக்கிறதா?

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2014ல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆற்றை நாற வைக்கும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் குழிக்குள் ஆளைக் கொல்கிறது. செறிவு கூடினால் மூக்கு அந்த வாசனையை உணர்வதே நின்றுவிடும். உள்ளே இறங்கியவருக்கு ஆபத்து தெரியாது, காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் போய்விடுவார். உங்கள் வீட்டுச் செப்டிக் டேங்காக இருந்தாலும் ஒருவரையும் இறக்காதீர்கள்.

வீட்டில் நான் என்ன செய்யலாம்?

வீட்டுக் கழிவுக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பலருக்கு இது தெரியாது. கழிவறையில் ஒரு வாளி நிறத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தெரு மேன்ஹோலில் வருகிறதா, மழைநீர் வடிகாலில் வருகிறதா என்று குடிநீர் வாரிய ஊழியரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் குடியிருப்பில் அப்படிப் பார்த்தபோது, ஒரு பக்கத்துச் சமையலறைக் குழாய்கள் மொத்தமும் வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கட்டும்போதே செய்த வேலை. மாற்றச் செலவானது, கூட்டத்தில் சண்டையும் வந்தது. ஆனால் மாற்றினோம்.

பாதாள சாக்கடை வராத பகுதியில் இருந்தால், செப்டிக் டேங்க் எடுக்க வரும் லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேளுங்கள். உந்து நிலையம் அல்லது சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், இறக்கியதற்கு ரசீதும் இருக்க வேண்டும். பேச்சை மாற்றினால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் சரி.